ஒற்றைச் சாவி

பூட்டு ஒன்று, சாவி ஒன்று, அந்தச் சாவியை வைத்திருக்கும் உரிமை படைத்தவரும் ஒருவரே! அவர் மறைந்துவிட்டால், அடுத்தவர் பதவி ஏற்கும்வரை அந்தப் பூட்டில் எவரும் கை வைக்கலாகாது. உண்மையிலேயே தவிர்க்க முடியாத தேவை எழுந்தால் மட்டும், இடைக்காலப் பொறுப்பை ஏற்றவர், வேறொருவரை ஏவாமல், தாமே சென்று திறக்கலாம். உள்ளே இருக்கும் ஏடுகளில் ஒன்றைக்கூட வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, அரசன் ஒளித்து வைத்த பாதாள அறையைப் பற்றிக் கதை சொல்வதாக எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இது சட்டம். 1983-ஆம் ஆண்டு போப் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 490-ஆம் விதி. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டம் ஒவ்வொன்றையும் இன்றும் ஆளும் விதி. பாஸ்டனுக்கும் இதுதான், கொலோனுக்கும் இதுதான், நம் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இதேதான். சாவியை வைத்திருப்பவர் ஆயர். பழைய தமிழில் மேற்றிராணியார். பூட்டப்பட்டிருப்பது மறைமாவட்டத்தின் இரகசிய ஆவணக் காப்பகம்.

சட்டப் புத்தகத்துக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். சட்டமும் ஒரு படைப்புத்தானே! அதிலும் பாத்திரங்கள் உண்டு. மேடைக்கு வருவோர் உண்டு. திரைக்குப் பின்னே நிறுத்தப்படுவோர் உண்டு. ஒரு நாடகத்தை மதிப்பிடும்போது, ஆசிரியன் யாருக்கு வாய் கொடுத்தான், யாரை ஊமையாக்கினான் என்று பார்க்கிறோம். அந்தக் கண்ணோடு இந்தச் சட்டத்தையும் படிப்போம். மொத்தம் 1,752 விதிகள் கொண்ட பெருந்தொகுப்பு அது. அதில் 486 முதல் 491 வரை ஆறே விதிகள் காப்பகங்களைப் பற்றியவை. நிதானமாகப் படித்தாலும் கால் மணிக்குள் முடிந்துவிடும். ஆனால், அந்தக் கால் மணி நேர வாசிப்பில் கண்ணில் படுவதும், கண்ணில் படாமல் போவதும் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் காப்பகம் இருக்க வேண்டும். ஆவணங்கள் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும். என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுத வேண்டும் என்கிறது 486. பொதுக் காப்பகத்துக்குச் சாவி ஆயரிடமும் அவருடைய செயலரிடமும் இருக்க வேண்டும் என்கிறது 487. தம் பிறப்பு, மணம் போன்ற தம் நிலையைக் காட்டும் பொது ஆவணங்களுக்குச் சான்றுப் படி பெற, சம்பந்தப்பட்டவருக்கு உரிமை உண்டு என்றும் அதே விதி சொல்கிறது. வரலாற்றுக் காப்பகத்தில் ஆவணங்களைப் பார்வையிடுவதற்கான நெறிமுறைகளை ஆயர் வகுக்க வேண்டும் என்கிறது 491. பட்டியல், பராமரிப்பு, படி எடுக்கும் உரிமை என்று எல்லாம் முறையாகத்தான் தொடங்குகின்றன. பல அரசாங்க அலுவலகங்களில் இல்லாத ஒழுங்கு இது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பிறகு வருகிறது 489. நடை மாறுகிறது, தொனி மாறுகிறது, விளக்கு மங்குகிறது. மறைமாவட்ட அலுவலகத்தில் இரகசியக் காப்பகம் ஒன்றும் இருக்க வேண்டும். தனி அறை இல்லையென்றால், பொதுக் காப்பகத்துக்குள்ளேயே, இடத்தைவிட்டு அசைக்க முடியாதபடி, பூட்டிய பேழை ஒன்றேனும் இருக்க வேண்டும். அதில் என்ன வைப்பது? சட்டத்தின் வேறு மூலைகளில் விடை சிதறிக் கிடக்கிறது. இரகசியமாக நடத்தி வைத்த திருமணங்களின் பதிவேடு அங்கே போக வேண்டும் என்கிறது 1133. கண்டிக்கப்பட்ட குருவுக்கு எழுதிய கண்டனக் கடிதம் அங்கே போக வேண்டும் என்கிறது 1339. குற்றம் நடந்ததாகப் புகார் வந்து, விசாரித்து, மூடப்பட்டுவிட்ட முதல் விசாரணையின் தாள்கள் அங்கே போக வேண்டும் என்கிறது 1719.

கவனியுங்கள்! யாருக்கும் தீங்கு செய்யாமல், தம் குடும்பச் சூழ்நிலையால் மறைவாக மணந்துகொண்ட ஒரு கணவன் மனைவியின் இரகசியமும், ஒரு சிறுவனைச் சீரழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட குருவின் கோப்பும் ஒரே பேழைக்குள்! ஒரே பூட்டுக்குள்! முன்னது, காக்கப்பட வேண்டிய மறைவு. பின்னது, காட்டப்பட வேண்டிய உண்மை. இரண்டுக்கும் "இரகசியம்" என்ற ஒரே சொல்லைச் சூட்டிய அந்த இடத்தில்தான் இந்தப் படைப்பின் முதல் பிழை பிறக்கிறது.

இரண்டாம் பிழை அதைவிடப் பெரிது. 489-இன் இரண்டாம் பத்தி ஓர் ஆணை பிறப்பிக்கிறது. ஒழுக்கம் பற்றிய குற்ற வழக்குகளில், குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டாலோ, தண்டனைத் தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கழிந்துவிட்டாலோ, அந்த ஆவணங்களை ஆண்டுதோறும் அழித்துவிட வேண்டும். நடந்ததைப் பற்றிய சுருக்கமான குறிப்பும், இறுதித் தீர்ப்பின் வாசகமும் மட்டும் மிஞ்சலாம். அழிக்கலாம் என்று அனுமதிக்கவில்லை. அழிக்க வேண்டும் என்கிறது. என்றோ ஒருநாள் இடநெருக்கடி வந்தால் அழியுங்கள் என்று சொல்லவில்லை, ஆண்டுதோறும் என்கிறது. அறுவடை போல, திருவிழாவைப் போல, ஆண்டுக்கு ஒருமுறை அழிப்பு!

இந்த விதிக்கு ஒரு தாத்தா உண்டு. 1917-இல் வந்த பழைய சட்டத் தொகுப்பின் 379-ஆம் விதி. அதன் இலத்தீன் மூலத்தில் ஆண்டுதோறும் "எரிக்கப்படுக" என்றே இருந்தது. 1983-இல் அச்சொல்லை எடுத்துவிட்டு "அழிக்கப்படுக" என்று எழுதினார்கள். நெருப்பு போயிற்று, நோக்கம் போகவில்லை. உலகம் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதே, எரிப்பதற்கு என்ன அவசியம்!

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதைத்தான் நம் தோழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய சட்டத்தில் இரகசியக் காப்பகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டும் வெவ்வேறானவை. ஒன்று ஆயரிடம், மற்றொன்று அவருடைய முதன்மைக் குருவிடமோ செயலரிடமோ. ஒருவர் நினைத்தால் மட்டும் திறந்துவிட முடியாது. ஒருவர் நினைத்தால் மட்டும் மூடி மறைத்துவிடவும் முடியாது. கூட்டுறவுக் கடன் சங்கத்துப் பெட்டிக்கே இரட்டைச் சாவி போடும் உலகம் இது. 1983-இல், உலகமெல்லாம் மக்களாட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அந்த இரண்டாம் சாவி காணாமற் போயிற்று. "ஆயரிடம் மட்டுமே" என்று புதிய விதி அறுதியிட்டது. 1917-லிருந்து 1983-க்கு வரும் பாதையைச் சீர்திருத்தம் என்றே பலரும் எழுதுகிறார்கள். இந்த ஒரு விதியில் மட்டும் சீர்திருத்தம் பின்னோக்கி நடந்திருக்கிறது.

சரி, இந்த நாடகத்தின் பாத்திரங்கள் யார் யார்? ஆயர் வருகிறார். இடைக்கால நிர்வாகி வருகிறார். குற்றஞ்சாட்டப்பட்டவர் வருகிறார், அவர் வாழ்வும் சாவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவர் இறந்தால் தாளும் இறக்கிறது. ஆனால், பாதிக்கப்பட்டவர் எங்கே? 489-இல் இல்லை. 490-இல் இல்லை. அந்த ஏட்டில் எழுதப்பட்டிருப்பதே அவருடைய கண்ணீர்தான். எனினும் அவருக்கு மேடையில் இடமில்லை. பன்னிரண்டு வயதில் சீரழிக்கப்பட்ட ஒருவன், ஐம்பது வயதில் துணிவு பெற்று வாய் திறக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைக் கெடுத்தவர் முந்திய ஆண்டு இறந்துவிட்டார். சட்டம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், அவனுடைய தாய் அன்று எழுதிய கடிதம் இன்று சாம்பல். மிஞ்சுவது சுருக்கக் குறிப்பு. வழக்குத் தீர்ப்புவரை செல்லாமலே மூடப்பட்டிருந்தால், தீர்ப்பின் வாசகமும் கிடையாது. அந்தக் குறிப்பைச் சுருக்கியவர் யார்? எதை விட்டுவிட்டார்? அவனால் அறியவே முடியாது.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு குரு. முப்பது ஆண்டுகளில் அரை டஜன் பங்குகள். 130-க்கும் மேற்பட்டோர், குழந்தைப் பருவத்தில் அவரால் சீரழிக்கப்பட்டதாகப் பின்னர் முறையிட்டனர். 1984 டிசம்பரில், அவரைப் புதிய பங்குக்கு அனுப்புவது தகாது என்று உதவி ஆயர் ஜான் டார்சி தம் பேராயர் பெர்னார்டு லாவுக்கு எழுத்து மூலம் எச்சரித்தார். எச்சரிக்கை கோப்பில் உறங்கியது; குரு பங்கில் உலவினார். 2001 நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி, அந்தக் கோப்புகளின் முத்திரையை உடைக்க ஆணையிட்டார். 2002 சனவரி 6 முதல் "பாஸ்டன் குளோப்" நாளேடு தொடர்ந்து எழுதியது. கர்தினால் லா, அதே ஆண்டு டிசம்பர் 13-இல் பதவி விலகினார். பதினேழு ஆண்டு உறங்கிய ஒரு கடிதம் விழித்ததும் ஒரு பேராயரின் நாற்காலி ஆடிப்போயிற்று. காகிதத்துக்கு அவ்வளவு வலிமை! அந்த வலிமையை அறிந்தவர்கள்தாம் அதைப் பூட்டி வைக்கிறார்கள்.

பிலடெல்பியாவில் நடந்தது இதனினும் கொடிது. அங்கே 1994-இல், குற்றஞ்சாட்டப்பட்ட 35 குருக்களின் பட்டியல் ஒன்று தயாராயிற்று. பட்டியலைத் தயாரித்தது எதிரியல்ல, மறைமாவட்ட அலுவலகமே. கர்தினால் பெவிலாக்குவா அதை இயந்திரத்திலிட்டுக் கிழித்துவிடுமாறு பணித்தார்; கிழிக்கப்பட்டது. கிழித்ததற்குச் சாட்சியாகக் கையால் எழுதிய குறிப்பையும், பட்டியலின் படி ஒன்றையும் உள்ளிருந்த ஒருவர் பத்திரப்படுத்தியிருந்தார். பூட்டிய பெட்டகம் ஒன்றிலிருந்து 2006-இல் அவை வெளிப்பட்டன. 2005-இலும் 2011-இலும் குடிமக்கள் கொண்ட விசாரணை மன்றங்களான கிராண்ட் ஜூரிகள் அந்நகரத்துத் திருச்சபையைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. ஆனால், பட்டியலின் படி அரசு வழக்கறிஞர்களின் கைக்கு வந்தது 2012-இல்! கிழித்தவர் எண்ணியது ஒன்று. ஒளித்தவர் செய்தது மற்றொன்று. அந்தப் படியை வைத்தவர் மனச்சான்றுக்காக வைத்தாரா, தற்காப்புக்காக வைத்தாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். வைத்தார், அதனால் உண்மை பிழைத்தது.

அதே பென்சில்வேனியா மாநிலத்தின் ஆல்டூனா-ஜான்ஸ்டவுன் மறைமாவட்டத்தில், 2015-இல் புலனாய்வு அதிகாரிகள் சோதனை ஆணையோடு நுழைந்து 1,15,000-க்கும் மேற்பட்ட ஆவணங்களை எடுத்துச் சென்றனர். 2018 ஆகஸ்டு 14-இல், மாநிலத்தின் வேறு ஆறு மறைமாவட்டங்களைப் பற்றிய கிராண்ட் ஜூரி அறிக்கை வெளிவந்தது. அவர்கள் படித்தவை ஐந்து இலட்சம் பக்கங்களுக்கு மேல். கண்டறிந்தவை: குற்றஞ்சாட்டப்பட்ட குருக்கள் 300-க்கும் மேல், அடையாளம் தெரிந்த குழந்தைகள் 1,000-க்கும் மேல். ஆயர் மட்டுமே சாவி வைத்திருக்கும் இரகசியக் காப்பகம் என்ற ஏற்பாட்டை அந்த அறிக்கை பெயர் சொல்லியே சுட்டிக்காட்டியது.

அந்த அறிக்கையில் இலக்கிய மாணவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. கோப்புகளில் கற்பழிப்பு என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டார்களாம். "தகாத தொடர்பு" என்று எழுதுவார்கள். "வரம்பு பற்றிய சிக்கல்" என்று எழுதுவார்கள். ஒரு குரு ஒரு பங்கிலிருந்து திடீரென விலக்கப்பட்டால், மக்களிடம் உண்மையான காரணம் சொல்லப்படாது; உடல்நலக் குறைவு என்பார்கள், நரம்புத் தளர்ச்சி என்பார்கள். இடக்கரடக்கல் என்று நம் இலக்கணம் ஓர் அழகிய மரபைச் சொல்கிறது. அவையில் சொல்லத் தகாததை நாகரிகம் கருதி மறைத்துச் சொல்வது அது. இங்கே மறைத்தது நாகரிகத்துக்காக அன்று, நிறுவனத்துக்காக. பூட்டு இரும்பால் மட்டும் செய்யப்படுவதில்லை, தோழர்களே, சொல்லாலும் செய்யப்படுகிறது! பேழையை உடைத்துத் தாளை எடுத்தாலும், தாளில் இருக்கும் சொல்லை மறுபடி ஒருமுறை உடைக்க வேண்டியிருக்கிறது.

செருமனிக்குச் செல்வோம். அங்கே சொல் இன்னும் கவித்துவம் கொண்டது. கொலோன் பேராயராக 1989 முதல் 2014 வரை வீற்றிருந்த கர்தினால் மைஸ்னர், குருக்களைப் பற்றிய மறைவான தாள்களுக்குத் தனிக் கோப்பு ஒன்று வைத்திருந்தார். அந்தக் கோப்புக்கு அவர் இட்ட தலைப்பு: "மூடுபனியில் சகோதரர்கள்." 2021 மார்ச்சில் வழக்கறிஞர் கெர்க்கேயின் அறிக்கை அதை வெளிக்கொணர்ந்தது, 1975 முதல் 2018 வரை பாதிக்கப்பட்டோர் 314 பேர் என்றும், குற்றஞ்சாட்டப்பட்டோர் 202 பேர் என்றும் கணக்கும் காட்டியது. தலைப்பைத் திரும்பப் படியுங்கள். சகோதரர்கள்! யார்? குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அவர்கள் வழி தவறியது ஏன்? மூடுபனி! இயற்கையின் செயல்; எவர் மீதும் பழியில்லை. அந்த 314 பேர் அந்தத் தலைப்பில் எங்கே நிற்கிறார்கள்? பனிக்குள்ளும் இல்லை, பனிக்கு வெளியிலும் இல்லை. 489-ஆம் விதியில் எப்படி இல்லையோ, அப்படியே இங்கும் இல்லை. ஒரு சிறுகதைக்கு இப்படித் தலைப்பிட்டிருந்தால் மெச்சியிருப்போம். குற்றக் கோப்புக்கு இட்டதால்தான் நெஞ்சு கொதிக்கிறது.

2018 செப்டம்பரில், செருமானிய ஆயர் பேரவையே பணித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. 27 மறைமாவட்டங்கள், 38,156 பணிக் கோப்புகள், குற்றஞ்சாட்டப்பட்ட குருமார் 1,670 பேர், பாதிக்கப்பட்டோர் 3,677 பேர். ஆயினும், ஆராய்ச்சியாளர்கள் மூலக் கோப்புகளைத் தம் கையால் புரட்டவில்லை. மறைமாவட்டத்தின் ஆட்களோ, அவர்கள் அமர்த்திய வழக்கறிஞர்களோ புரட்டினார்கள். எடுத்துக் கொடுத்ததை இவர்கள் எண்ணினார்கள். சில மறைமாவட்டங்களில் கோப்புகள் அழிக்கப்பட்டதற்கும் திருத்தப்பட்டதற்கும் அடையாளங்கள் தென்பட்டன என்றும் ஆய்வு குறித்தது. 2019 பிப்ரவரியில் ரோமாபுரியிலேயே, போப் பிரான்சிஸ் கூட்டிய மாநாட்டில், மூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ் எழுந்து நின்று, குற்றங்களைக் காட்டியிருக்கக்கூடிய கோப்புகள் அழிக்கப்பட்டன, அல்லது உருவாக்கப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். சொன்னவர் பகுத்தறிவுப் பிரசாரகர் அல்லர், கர்தினால்!

அழியாமல் தப்பிய தாள் என்ன செய்யும் என்பதற்கு அதே மூனிக் நகரம் சான்று. 1980 சனவரி 15-இல் மறைமாவட்ட ஆலோசனைக் கூட்டம் ஒன்று நடந்தது. வேறு மறைமாவட்டத்திலிருந்து சிகிச்சைக்கென வந்த ஒரு குருவை ஏற்பது பற்றி அதில் பேசப்பட்டது. அன்றைய பேராயர் யோசப் ராட்சிங்கர். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட். 2022 சனவரி 20-இல் வெளிவந்த விசாரணை அறிக்கைக்கு அவர் அளித்த நெடிய மறுமொழி, அந்தக் கூட்டத்தில் தாம் இருக்கவில்லை என்றது. கூட்டக் குறிப்பேடோ, அவர் இருந்தார் என்றது. நான்கே நாட்களில், சனவரி 24-இல், தாம் கூட்டத்தில் இருந்தது உண்மையே, மறுமொழியைத் தொகுத்தபோது பிழை நேர்ந்துவிட்டது என்று அவர் தரப்பு திருத்திக்கொண்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு செயலர் எழுதிய வருகைக் குறிப்பு, ஒரு போப்பின் நினைவைத் திருத்திற்று!

இவ்வளவையும் படித்த இளைஞன், "உடையுங்கள் பூட்டை! கொட்டுங்கள் தெருவில்!" என்று முழங்கத் துடிப்பான். அந்தத் துடிப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் பகுத்தறிவு, துடிப்போடு நின்றுவிடலாமா? பெல்ஜியத்தில் நடந்ததையும் பார்த்துவிட்டு முழங்குவோம்.

2010 சூன் 24. மெக்லன் நகரப் பேராயர் மாளிகைக்குள் காவல்துறை நுழைந்தது. ஆயர்கள் பல மணி நேரம் வெளியேற முடியாமல் அமர்த்தப்பட்டனர். பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த கர்தினால்கள் வான் ரூய், சூனன்ஸ் ஆகியோரின் கல்லறைகளையும் துளையிட்டுப் பார்த்தார்கள். ஆவணங்கள் ஒளிந்திருக்குமோ என்ற ஐயம்! அதே நாளில் குழந்தை மனநல மருத்துவர் ஆட்ரியான்சென்ஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் 475 கோப்புகளும் அள்ளிச் செல்லப்பட்டன. அவை யாருடைய கோப்புகள்? பாதிக்கப்பட்டவர்கள், காவல் நிலையத்துக்குப் போகத் துணியாமல், குழுவிடம் நம்பிக்கை வைத்து, மறைவாகச் சொன்ன சொற்கள். மனைவியிடம் சொல்லாததைச் சொன்னவர்கள் அவர்களில் இருந்திருக்க மாட்டார்களா? குழு, நம்பிக்கை முறிந்துவிட்டது என்று கூறிச் சில நாட்களிலேயே பதவி விலகியது. கைப்பற்றியது செல்லுமா என்று நீதிமன்றங்களில் நெடுங்காலம் வழக்கு நடந்தது.

கல்லறையைத் துளைத்தது குறித்துக் கத்தோலிக்க உலகம் கொதித்தது, ரோமாபுரி கண்டித்தது. நமக்கு உறுத்துவது கல்லறையன்று, அந்த 475. ஆயரின் பேழையில் இருக்கும் புகார்த் தாளும், மருத்துவரின் மேசையில் இருந்த வாக்குமூலமும் ஒன்றல்ல. முன்னதில், நிறுவனம் தன் மானத்தைக் காக்கப் பிறர் துயரைப் பூட்டுகிறது. பின்னதில், துயருற்றவரே "இது வெளியே போகக் கூடாது" என்று கேட்டுக்கொண்டு பேசுகிறார். ஆகவே, திறப்பதா மூடுவதா என்ற கேள்வி முதற் கேள்வி அன்று. இந்த இரகசியம் யாருடையது என்பதே முதற் கேள்வி.

இக்கேள்வியைக் கேட்கத் திருச்சபைச் சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும்! அதுதான் வியப்பு. 877-ஆம் விதியைப் பாருங்கள். மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், பதிவேட்டில் தாயின் பெயரை எழுதுவதா? அவள் தாய் என்பது வெளிப்படையாகத் தெரிந்திருந்தால் எழுதலாம்; இல்லையேல் அவளே எழுத்து மூலமோ, இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ விரும்பிக் கேட்க வேண்டும். என்ன நுட்பம்! ஊர் ஏசும் என்று அஞ்சும் ஒரு பெண்ணின் பெயரை, அவள் வாய் திறந்தாலன்றி எழுதாதே என்கிறது. இரகசியம் அவளுடையது, சாவியும் அவளிடம். இந்தக் கனிவை எழுதத் தெரிந்த கை, 489-ஐ எழுதும்போது எங்கே போயிற்று?

ஞானஸ்நானப் பதிவேடு என்றதும் இன்னொரு முரண் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவில், மதத்தைவிட்டு விலகியவர்கள் சிலர், "எங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குங்கள்" என்று கேட்டு வழக்காடுகிறார்கள். ஓரத்தில் விலகல் குறிப்பு எழுதுவோம், பெயரை அழிக்க மாட்டோம், நடந்தது நடந்ததுதானே என்பது திருச்சபையின் மறுமொழி. பெல்ஜியத்தின் தனித்தகவல் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில், நீக்குமாறு கெண்ட் மறைமாவட்டத்துக்கு ஆணையிட்டது. மறைமாவட்டம் மேல்முறையீடு செய்தது. பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், நீக்க வேண்டியதில்லை என்று திருச்சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியா தவறா என்பது இருக்கட்டும். சம்பந்தப்பட்டவரே "அழியுங்கள்" என்று கெஞ்சும் தாளை, வரலாறு என்று சொல்லிக் காப்பார்கள். சம்பந்தப்பட்டவர் "அழிக்காதீர்கள்" என்று கதறும் தாளை, விதி என்று சொல்லி அழிப்பார்கள்! இரண்டு இடத்திலும் கேட்கப்படாத குரல் ஒன்றே.

மறுப்புகள் வரும். "பாவசங்கீர்த்தனத்தின் முத்திரையை உடைக்கச் சொல்கிறீர்களா?" என்பார்கள். இல்லை. அந்த முத்திரை பேழைக்குள் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதி வைக்கவே கூடாது. எழுதப்படாததைக் காப்பகத்தில் பூட்டுவது எப்படி? காப்பகத்தில் இருப்பவை கடிதங்கள், விசாரணைக் குறிப்புகள், மாற்றல் ஆணைகள். அவற்றின் மேல் அந்த முத்திரையின் நிழலைக் கொண்டுவந்து போர்த்துவது வாதத் திறமையே தவிர உண்மையன்று. "பொய்ப் புகாரால் நல்லவர் பெயர் கெடாதா?" என்பார்கள். இது மதிக்கத்தக்க கேள்வி. நற்பெயரையும் அந்தரங்கத்தையும் முறையின்றிக் கெடுக்கக் கூடாது என்று 220-ஆம் விதியே சொல்கிறது. ஆனால், பொய்ப் புகாருக்கு ஆளானவரைக் காப்பாற்றுவது எது? முழு விசாரணைத் தாளா, சுருக்கக் குறிப்பா? தாள் அழிந்தால் குற்றவாளியும் நிரபராதியும் ஒரே சாம்பலில் கலந்துவிடுகிறார்கள்.

ரோமாபுரி அசையவே இல்லை என்று சொன்னால் அது நேர்மையன்று. 1997-இல், காப்பகங்களின் பணியைப் பற்றி அதன் பண்பாட்டு ஆணையம் உருக்கமான சுற்றறிக்கை ஒன்றை விடுத்தது. ஆராய்ச்சிக்கு வாயில் திறக்க ஊக்கமூட்டியது. 2019-இல் போப் பிரான்சிஸ், வத்திக்கானின் பெருங்காப்பகத்தின் பெயரிலிருந்து "இரகசிய" என்ற சொல்லையே நீக்கினார். 2020 மார்ச்சு 2 முதல், உலகப் போர்க்காலப் போப் பன்னிரண்டாம் பயஸ் ஆட்சிக்கால ஆவணங்களை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தார். எல்லாவற்றிலும் பெரிதாக, 2019 டிசம்பர் 17-இல் அறிவித்த ஆணையால், பாலியல் கொடுமை வழக்குகளிலிருந்து "பாப்பிறை இரகசியம்" என்ற கடுங்கட்டை அகற்றினார். புகார் கொடுத்தவரையும், பாதிக்கப்பட்டவரையும், சாட்சியையும் வாய்ப்பூட்டு போட்டு அடக்கக் கூடாது என்றது அந்த ஆணை. நாட்டுச் சட்டப்படி அதிகாரிகள் கேட்பதைக் கொடுக்க இரகசியம் ஒரு தடையாகாது என்றது. பாராட்டத்தக்க படி இது, பாராட்டுகிறோம்.

ஆனால், கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்பது, கொடுப்பதற்குத் தாள் மிஞ்சியிருந்தால்தானே! பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்வரை அவரைப் பற்றிய தாளும் உயிரோடு இருக்கட்டும். தம்மைப் பற்றிய கோப்பைப் படிக்கவும், அதில் தம் பெயரைப் பிறர் காணாமல் மறைக்கச் சொல்லவும் அவருக்கே உரிமை இருக்கட்டும். 1917-இல் இருந்த இரண்டாம் சாவி திரும்பி வரட்டும். இம்முறை அது ஆயரின் கீழ்ப் பணிபுரியும் குருவிடம் போகாமல், ஆயருக்குக் கட்டுப்படாத குடிமகன் ஒருவரிடம் போகட்டும். இவை நடக்காத காரியங்கள் அல்ல. சட்டத் தொகுப்பின் ஆறாம் நூலை, தண்டனைகளைப் பற்றிய பகுதியை, முழுவதும் புதுப்பித்து எழுதி 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அழிப்பை ஆணையிடும் 489 இருப்பது இரண்டாம் நூலில். அதில் "ஆண்டுதோறும்" என்ற சொல்லின் மேல் பேனா படவில்லை.